பிக்கப் வண்டிக்கு ஒரு மடிப்புக் கூடாரம்: கீல் முதல் கித்தான் வரை

இரண்டு வரிசை இருக்கை உள்ள பிக்கப் வண்டிகளில் பின்தொட்டி பெரும்பாலும் 1.5 மீட்டர் நீளத்தை ஒட்டியே இருக்கும். அதில் ஒரு ஆள் நேராகக் கால் நீட்டிப் படுக்க முடியாது. குறுக்கே படுக்கலாம் என்றால் இரண்டு பக்கமும் சக்கர மேடுகள் உள்ளே புடைத்து நிற்கும். என் வண்டியில் அவற்றுக்கு நடுவே கிடைப்பது 1.1 மீட்டர்தான். தொட்டிக்கு மேலே நிரந்தரமாக ஒரு கூண்டு கட்டிவிடலாம். ஆனால் அப்போது எடை ஏறும், உயரம் ஏறும், ஓட்டும்போது காற்றை மறித்துக்கொண்டு எரிபொருளைக் குடிக்கும். ஓடும்போது சிறியதாகவும் நின்றபின் பெரியதாகவும் இருக்க வேண்டும் என்றால் மடிப்பு ஒன்றே வழி.

நான் கட்டியதன் வடிவம் இதுதான். ஒரே அளவில் இரண்டு தட்டுகள், ஒவ்வொன்றும் 1.5 மீட்டர் சதுரம். ஒன்று தொட்டியின் விளிம்பு உயரத்தில் மேடைபோல நிலையாக உட்கார்ந்திருக்கும். இன்னொன்று அதன்மேல் மூடியாகக் கவிழ்ந்திருக்கும். பின்பக்கம் கீல். மூடியைத் தூக்கிப் பின்னால் புரட்டினால் அது பின்கதவைத் தாண்டி வெளியே போய், கீழ்த்தட்டோடு ஒரே மட்டத்தில் படுக்கும். 1.5 மீட்டர், 3 மீட்டர் ஆகிவிடும். கூடாரத்தின் வளைவுக் கம்பிகள் கூடவே விசிறி மாதிரி விரியும். மூடிய நிலையில் தொட்டி விளிம்புக்கு மேலே தெரிவது ஏறக்குறைய 35 செ.மீ. மட்டுமே. ஓட்டுநர் அறையின் கூரையைவிட அது தாழ்வாக இருப்பதால், ஓடும்போது முன்னிருந்து வரும் காற்று அதன்மேல் நேராக மோதுவதில்லை.

இப்படி ஒன்றைக் கட்ட நினைப்பவர்கள் முதலில் துணியைப் பற்றியும் மெத்தையைப் பற்றியும்தான் யோசிப்பார்கள். நான் சொல்வேன், முதலில் கீலைப் பாருங்கள். கீலின் இடம் சரியாக அமைந்தால் மற்ற அளவுகள் தானாக வந்து விழும். அமையாவிட்டால் பிறகு எதைச் செய்தாலும் ஒட்டுப்போடுகிற வேலைதான்.

அதற்கும் முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது: எடை. வண்டியின் தகட்டில் அது தாங்கக்கூடிய மொத்த எடை குறிக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நமக்கு. அந்த மிச்சத்துக்குள் ஆட்கள், பைகள், தண்ணீர், கூடாரம் எல்லாம் அடங்க வேண்டும். வெறும் வண்டி எடை என்பதையும் எல்லாரும் ஒரே மாதிரி சொல்வதில்லை. ஐரோப்பியக் கணக்கில் ஓட்டுநருக்கென்று 75 கிலோ அதிலேயே சேர்ந்திருக்கும், வேறு சில கணக்குகளில் சேராது. வண்டியை எடை மேடையில் ஏற்றி, முன் ஆக்சில் (சக்கர அச்சு) எவ்வளவு, பின் ஆக்சில் எவ்வளவு என்று தனித்தனியாக எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. மொத்த எடை வரம்புக்குள் இருந்தும் பின் ஆக்சில் மட்டும் தன் வரம்பைத் தாண்டியிருக்க வாய்ப்பு உண்டு. பின் ஆக்சிலுக்குப் பின்னால் வைக்கிற ஒவ்வொரு கிலோவும் வண்டியின் மூக்கைத் தூக்கும். முன் சக்கரத்தில் பிடிப்பு குறைந்தால் ஸ்டீயரிங் லேசாகிவிடும். அதனால் பேட்டரி, தண்ணீர், கருவிப் பெட்டி மூன்றையும் ஓட்டுநர் அறையை ஒட்டிய முன்சுவரில் வைத்தேன்.

சரி, எடையைக் குறைக்க என்ன செய்யலாம்? 12 மி.மீ. பிளைவுட் முழுப் பலகை ஒன்று, அதாவது எட்டுக்கு நாலு, 20 கிலோவுக்கு மேல் வரும். தளத்தை அதில் செய்தால் தூக்கவே ஆள் வேண்டும். நான் 3 மி.மீ. பிளைவுட் இரண்டுக்கு நடுவே 25 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். என்கிற பாலிஸ்டைரீன் நுரைப்பலகையை வைத்து ஒட்டினேன். ஒரு சதுர மீட்டருக்கு 5 கிலோ அளவில்தான் வருகிறது. இரண்டு தோலும் நடுவில் நுரையும் சேர்ந்து ஒரே துண்டாக வேலை செய்வதால் வளைவதில்லை. ஒருவர் முழங்காலிட்டு நடக்கலாம். வெயிலும் குளிரும் தரை வழியாக ஏறுவதும் குறைகிறது.

இந்த ஒட்டுவேலையில் கவனிக்க வேண்டியவை சில. கரைப்பான் கலந்த கான்டாக்ட் பசை நுரையைக் கரைத்துத் தின்றுவிடும், பாலியூரித்தேன் பசைதான் ஏற்றது. எக்ஸ்.பி.எஸ். பலகையின் மேல்பரப்பு வழவழப்பானது. பசை அதில் சரியாகப் பிடிக்காது, உரிந்து வரும். முரட்டு உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டு, தூசியைத் துடைத்து, லேசாக ஈரம் காட்டி, பிறகு பசை தடவ வேண்டும். இந்தப் பசை இறுகுவதே ஈரத்தால்தான். இறுகும்போது பொங்கும் என்பதால் மேலே மணல் மூட்டைகளை நெருக்கமாக அடுக்கி அழுத்தம் தர வேண்டும். ஓரத்தில் மட்டும் பாரம் வைத்தால் நடுவில் உப்பிக்கொள்ளும். இன்னொன்று: நுரையில் திருகாணி நிற்காது. கீல், கொக்கி, கைப்பிடி எதுவெல்லாம் வரப்போகிறது என்று முன்பே குறித்து, அந்த இடத்தில் நுரையை வெட்டி எடுத்துவிட்டுக் கெட்டி மரத்துண்டைப் பதித்து, அப்புறம்தான் மேல்பலகையை மூட வேண்டும். மரத்துண்டு இருக்கும் இடங்களை ஒரு தாளில் அளவோடு வரைந்து வையுங்கள். மூடியபின் வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது.

தட்டின் சட்டத்துக்கு 40 மி.மீ. அலுமினிய சதுரக் குழாய், 2 மி.மீ. தடிமன். ஒரு மீட்டர் 0.8 கிலோதான். அதே அளவு இரும்புக் குழாய் ஏறக்குறைய மூன்று மடங்கு கனம். பிளைவுட் வெட்டிய விளிம்புகளில் எபாக்சி தடவி மூடினேன். பிளைவுட் கெடுவது பெரும்பாலும் விளிம்பிலிருந்துதான் தொடங்கும்.

இப்போது கீல்.

இரண்டு தட்டும் மூடியிருக்கும்போது கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் நடுவே இடைவெளி வேண்டும். மெத்தை, துணி, வளைவுக் கம்பி எல்லாம் அதில்தான் அடங்குகின்றன. எனக்கு அந்த இடைவெளி 30 செ.மீ. கீலைக் கீழ்த்தளத்தின் மட்டத்தில் வைத்து மூடியைப் புரட்டினால் என்ன ஆகும்? கீலுக்கு 30 செ.மீ. மேலே இருந்த தளம், அரை வட்டம் சுற்றிக் கீலுக்கு 30 செ.மீ. கீழே போய் நிற்கும். படுக்கை நடுவில் ஒரு படிக்கட்டு வந்துவிடும். கீலை மேல்தளத்தின் மட்டத்தில் வைத்தால் மூடி அதே உயரத்திலேயே நிற்கும், கீழ்த்தட்டைவிட 30 செ.மீ. மேலே. இரண்டு தளமும் ஒரே மட்டத்தில் வர ஒரே ஓர் இடம்தான் உண்டு: இடைவெளியின் சரிபாதி. கீழ்த்தளத்திலிருந்து 15 செ.மீ. மேலே. மூடியபோது கீலுக்கு 15 செ.மீ. மேலே இருந்த தளம், விரித்தபின் கீலுக்கு 15 செ.மீ. கீழே வரும். கீழ்த்தளமும் கீலுக்கு அதே 15 செ.மீ. கீழேதான் இருக்கிறது.

இதில் பிழைக்கு இடமே இல்லை. கீல் 1 மி.மீ. தாழ்ந்தால் விரித்த தளம் 2 மி.மீ. தாழும். எந்தப் பிழையும் இரட்டிப்பாகத்தான் வெளியே தெரியும். அட்டையில் இரண்டு துண்டு வெட்டி, பக்கவாட்டுத் தோற்றமாக வைத்து, ஒரு குண்டூசியைக் கீலாகக் குத்தித் திருப்பிப் பாருங்கள். எந்தப் படத்தைவிடவும் அது தெளிவாகச் சொல்லும். வளைவுக் கம்பிகள் எங்கே இடிக்கும், பின்கதவு எங்கே தடுக்கும் என்பதும் அந்த அட்டையிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் ஒரு கேள்வி வரும். கீல் தளத்துக்கு 15 செ.மீ. மேலே இருந்தால், விரித்தபின் படுக்கையின் நடுவே அது குறுக்காக நிற்காதா? முழு அகலத்துக்கும் ஒரே துண்டாக ஓடும் பியானோ கீல் போட்டால் நிற்கும். அதனால் இரண்டு ஓரத்திலும் மட்டும் கீல் வைத்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் மூன்று பக்கம் 15 செ.மீ. உயரச் சுவர், கீல் பக்கம் மட்டும் சுவர் கிடையாது. பக்கச் சுவர்களின் பின்முனையில் 6 மி.மீ. இரும்புத் தகடு, அதில் 12 மி.மீ. துருப்பிடிக்காத போல்ட், அது சுழல வெண்கல புஷ் (சிறு உள்குழாய்). விரித்தால் நடுவே தடையில்லாமல் 3 மீட்டர் தரை ஒரே சீராகக் கிடக்கும். சுற்றிலும் 15 செ.மீ. விளிம்பு. தூக்கத்தில் உருண்டாலும் அந்த விளிம்பு தாங்கிக்கொள்ளும்.

இரண்டு கீலும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மூடி பாதி வழியில் இறுகும், போல்ட் தேயும். இதற்கு நான்கு தகடுகளையும் ஒன்றாக அடுக்கிப் பிடித்து ஒரே துளையாகப் போட்டேன். தட்டுகளில் பொருத்தும்போது, கடைசியாக இறுக்குவதற்கு முன், ஒரு நீளமான 12 மி.மீ. நேர்க்கம்பியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை இரண்டு துளைகளிலும் கோத்தேன். கம்பியை இரண்டு விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். சிக்காமல் சுழன்றால் நேராக இருக்கிறது என்று பொருள். ஒரு போல்ட்டை இறுக்குவதும் கம்பியை உருட்டிப் பார்ப்பதுமாகவே முழு வேலையும் போனது. எங்கே கம்பி பிடித்ததோ அங்கே தகட்டுக்குப் பின்னால் மெல்லிய தகட்டுத் துண்டு சொருகினேன். பொறுமை கேட்கிற வேலை, ஆனால் மூடியை முதன்முதலாகப் புரட்டியபோது அது சத்தமே இல்லாமல் போய்ப் படுத்தது. அந்தத் திருப்தி தனி.

இரும்புத் தகடு அலுமினியச் சட்டத்தை நேராகத் தொடக்கூடாது. இடையில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாக உதிரும். தகட்டுக்கு வண்ணம் பூசி, இடையில் மெல்லிய ரப்பர் தாள் வைத்தேன். போல்ட்டுகளுக்கு நைலான் வாஷர், மேலே தானாகக் கழலாத நைலாக் நட்.

விரித்த மூடி கீலில் தொங்கும்போது இரண்டு தளங்களின் விளிம்புகளும் கீலுக்குக் கீழே ஒன்றையொன்று நெட்டும். அந்த நெட்டு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். மூடி 32 கிலோ, அதன் எடை மையம் கீலிலிருந்து 75 செ.மீ. தள்ளி. விளிம்பு கீலுக்கு 15 செ.மீ. கீழே. 75-ஐ 15-ஆல் வகுத்தால் 5. ஆக வெறும் மூடியே விளிம்பில் 160 கிலோ அழுத்தம் தருகிறது. அதை நுரைப்பலகை விளிம்பு தாங்காது. கீல்களுக்கு நேர் கீழே, சட்டத்திலேயே கெட்டியான பிளாஸ்டிக் கட்டைகளைப் பொருத்தி அழுத்தம் அங்கே மட்டும் போகும்படி செய்தேன். அவற்றுக்குப் பின்னால் ஒரு திருகு உண்டு. அதைத் திருகித் தளத்தின் மட்டத்தை ரசமட்டம் வைத்துச் சரிசெய்யலாம்.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. வெளிமுனையைத் தரையிலிருந்து தாங்கும் முட்டுக்கால் இல்லாமல் அந்த மூடியின்மேல் 140 கிலோவுக்கு இரண்டு பேர் படுத்தால் விளிம்பில் அழுத்தம் 860 கிலோ அளவுக்குப் போகும். தகடு வளையும், அல்லது மொத்த மேடையும் தொட்டியிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும். ஆகவே கால் ஊன்றாமல் யாரும் வெளித்தட்டில் ஏறக்கூடாது. இதில் எந்த விதிவிலக்கும் கிடையாது.

தூக்குவதைப் பற்றி. 32 கிலோ மூடியின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் கையில் வருவது அதில் பாதி, 16 கிலோ. தூக்குவதைவிடத் தொல்லையானது அடுத்த பாதி. மூடி செங்குத்தைத் தாண்டியதும் தானாகவே பின்னால் விழப் பார்க்கும். முதல் பாதியில் கைக்கு உதவுகிற ஸ்பிரிங் எதுவும் பொதுவாக அடுத்த பாதியில் எதிரியாகிவிடும். வாயு அடைத்த தள்ளுகுழாயான கேஸ் ஸ்ட்ரட்டை எங்கே பொருத்துகிறோம் என்பதில்தான் விடை இருக்கிறது. ஸ்ட்ரட்டின் கீழ்முனையைக் கீலுக்கு நேர் கீழே, 25 செ.மீ. தள்ளிப் பொருத்தினேன். மேல்முனை மூடியின் பக்கச் சுவரில், கீலிலிருந்து 40 செ.மீ. தள்ளி. இப்படி வைத்தால் மூடி செங்குத்தாக நிற்கும்போது ஸ்ட்ரட் முழுதாக நீண்டிருக்கும்: 65 செ.மீ. முன்னால் கவிழ்ந்தாலும் பின்னால் விரிந்தாலும் 47 செ.மீ. அளவுக்குச் சுருங்கும். அதாவது தூக்கும்போதும் தள்ளிக்கொடுக்கும், அந்தப் பக்கம் இறங்கும்போதும் தாங்கிப் பிடிக்கும். திரும்ப மூடும்போதும் அப்படியே.

பக்கத்துக்கு ஒன்றாக 400 நியூட்டன் ஸ்ட்ரட் இரண்டு போட்டேன். மூடியின் எடை கீலைச் சுற்றித் தருகிற திருப்பு விசை, கிடைநிலையில் 235 நியூட்டன் மீட்டர். ஸ்ட்ரட்டுகள் இரண்டும் சேர்ந்து அதில் 170-ஐ ஏற்றுக்கொள்கின்றன. மிச்சத்துக்கு ஓரத்தில் கை தர வேண்டியது 4 முதல் 6 கிலோ விசைதான், செங்குத்தை நெருங்கும்போது அதுவும் குறைந்துவிடும். இன்னும் பலமான ஸ்ட்ரட் போட்டு முழுவதையும் அதனிடமே விட்டுவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். உள்ளே இருப்பது அழுத்தப்பட்ட வாயு, வெயிலில் விசை கூடும், குளிரில் குறையும். 20 டிகிரியிலிருந்து 0-க்கு இறங்கினால் 7 விழுக்காடு போய்விடும், 40-க்கு ஏறினால் அதே அளவு கூடும். மூடி தன் எடையால் மூடியே கிடக்க வேண்டுமென்றால் கைக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்கத்தான் வேண்டும். ஸ்ட்ரட்டின் மெல்லிய தண்டு கீழ்ப்பக்கம் இருக்கும்படி மாட்டுங்கள். உள்ளே இருக்கும் எண்ணெய் சீலில் தேங்கி அதைக் காயாமல் வைத்திருக்கும்.

காற்றடிக்கும்போது விரிக்கிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நட்டுக்குத்தாக நிற்கிற மூடி 2.25 சதுர மீட்டர் கப்பல் பாய் மாதிரி. மணிக்கு 40 கி.மீ. காற்று அதை 17 கிலோ அளவு விசையோடு தள்ளும். கையால் அதைப் பிடித்து நிறுத்துவது கடினம். காற்று பக்கவாட்டில் வரும்படி வண்டியை நிறுத்தினால் மூடியின் ஓரம் மட்டுமே காற்றுக்குக் காட்டும். கூடவே ஓட்டுநர் அறைப் பக்கம் ஒரு நாடாவைக் கட்டி, மூடியின் முனையில் மாட்டி வைத்திருக்கிறேன். அது மூடியைத் தேவைக்குமேல் வேகமாகப் போக விடாது.

முட்டுக்கால்கள் இரண்டும் இரும்பில். இங்கே எடை பார்க்கவில்லை. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் சதுரக் குழாய்கள், உயரத்துக்கு ஏற்ப துளையில் பின் செருகலாம், அடியில் ஜாக்கித் திருகு. தளம் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கால்கள் பக்கவாட்டில் ஆடும். அதைத் தடுக்கக் காலின் அடியிலிருந்து வண்டியின் சேஸிக்கு ஒரு சாய்வுக் கம்பி மாட்டினேன். பாரம் சமமாகப் பரவியிருந்தால் கால் ஒன்றுக்கு 45 கிலோ அளவுதான் வரும். ஆனால் ஒருவர் மூலையில் உட்கார்ந்து இறங்கும்போது முழு எடையும் ஒரே காலில் இறங்கும். அதற்குத் தக்கபடிதான் குழாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மண் இளகிய இடத்தில் காலுக்கு அடியில் அகலமான பலகைத் துண்டு போடுங்கள். பொருட்களை எல்லாம் ஏற்றி, ஆளும் ஏறியபின் கால் திருகை மறுபடி ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். வண்டியின் ஸ்பிரிங் அமுங்கும், கால் அமுங்காது. சரிசெய்யாவிட்டால் தளம் கீல் இடத்தில் உடைந்த மாதிரி நிற்கும்.

இனி கூடாரம். 25 மி.மீ. அலுமினியக் குழாயை ‘ப’ வடிவத்தில் வளைத்து ஐந்து வளைவுகள். எல்லாம் கீலை ஒட்டிய ஒரே பகுதியில், சிறிது இடைவெளி விட்டு அடுத்தடுத்துப் பொருத்தப்பட்டவை. உட்புறம் இருப்பது சற்றுக் குறுகலாக இருந்தால்தான் மடிக்கும்போது ஒன்றுக்குள் ஒன்று படியும். வளைவின் உயரம் 1.4 மீட்டருக்குமேல் போகக்கூடாது, மடித்தால் 1.5 மீட்டர் தட்டுக்குள் அடங்க வேண்டுமே. பக்கச் சுவர் 15 செ.மீ. சேர்த்து நடுவில் தளத்திலிருந்து 1.55 மீட்டர் உயரம் கிடைக்கிறது. உட்கார அது தாராளம்.

நிற்க? இங்கேதான் வண்டியின் தொட்டியே கைகொடுக்கிறது. கீழ்த்தட்டின் தளத்தில், நடு வளைவுக்குப் பக்கத்தில், கழற்றக்கூடிய பலகை ஒன்று வைத்தேன். பகலில் மெத்தையைத் தள்ளிவிட்டு அதை எடுத்தால் கீழே தொட்டியின் தரை, 48 செ.மீ. ஆழத்தில். அதில் இறங்கினால் 2 மீட்டர் உயரம். நிமிர்ந்து நின்று உடை மாற்றலாம். விளிம்பில் உட்கார்ந்து கால்களைக் கீழே தொங்கவிட்டால் சாதாரண நாற்காலி உயரம். மழை நாளில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேச இது போதும். மொத்தக் கட்டுமானத்திலும் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

துணியை வெட்டுவதற்கு முன் பழைய போர்வைகளை வளைவுகளின்மேல் போர்த்தி, குண்டூசியால் குத்திக் குத்தி வடிவம் எடுத்துக்கொள்ளுங்கள். விசிறி வடிவத்தில் ஒவ்வொரு துண்டும் ஆப்பு மாதிரி வரும், கணக்குப் போட்டு வரைவதைவிட இது நம்பகமானது. நான் எடுத்தது பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்த பாலிகாட்டன் கித்தான், சதுர மீட்டருக்கு 380 கிராம் அளவு. பூச்சு போட்ட நைலான் துணி இதைவிட எடை குறைவு, மடித்தாலும் சின்னதாக அடங்கும். ஆனால் அதன் வழியாக ஆவி போகாது. மூச்சிலிருந்து வரும் ஈரம் சொட்டாகித் தலையில் விழும். கித்தான் கொஞ்சம் மூச்சு விடும்.

தையலுக்குப் பருத்தி சுற்றிய பாலியெஸ்டர் நூல், 18-ஆம் எண் ஊசி, இரண்டு விளிம்பும் ஒன்றுக்குள் ஒன்று மடங்கிய இரட்டைத் தையல். மடிப்பு கீழ்நோக்கிப் படிந்திருக்க வேண்டும், மேல்நோக்கி இருந்தால் மழைநீர் அதில் தங்கும். தைத்து முடித்ததும் முழுக் கூடாரத்தையும் விரித்துத் தண்ணீரைப் பீய்ச்சி நனைத்துக் காயவிட வேண்டும், பிறகு மறுபடி. முதல் தடவை தையல் ஓட்டைகளில் நீர் கசியும். பயப்பட வேண்டாம், பருத்தி நூல் நனைந்து உப்பி அந்த ஓட்டைகளை மெல்ல அடைத்துக்கொள்ளும். அவசரப்பட்டு முதல் கசிவைப் பார்த்ததும் சிலிகான் தடவிவிடாதீர்கள். அதன்மேல் பிறகு வேறு எந்தப் பூச்சும் ஒட்டாது. துணி தட்டின் விளிம்பில் சேரும் இடத்தில் அலுமினியப் பட்டை, அடியில் நீர் புகாமல் ஒட்டிக்கொள்ளும் பியூட்டைல் டேப். பெரிய எண் ஜிப் போடுங்கள். சிறிய ஜிப்பில் தூசி ஏறினால் பல் கழன்றுவிடும். வளைவுகளுக்கு நடுவே உட்புறம் எலாஸ்டிக் கயிறு கட்டினால் மூடும்போது துணியை அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் விளிம்பில் துணி கடிபடும்.

மெத்தை 10 செ.மீ. நுரை, இரண்டாக மடிகிறது. மூடியில் கட்டித் தொங்கவிடவில்லை, கீழ்த்தட்டிலேயே கிடக்கிறது. மூடியில் ஏறுகிற ஒவ்வொரு கிலோவும் ஸ்ட்ரட் கணக்கை மாற்றும். மெத்தைக்கு அடியில் காற்று போக வர இடம் வேண்டும். உடம்புச் சூட்டில் ஆவியாகும் ஈரம் குளிர்ந்த தளத்தில் நீராகப் படியும், விடிந்து பார்த்தால் மெத்தையின் அடி நனைந்திருக்கும். முப்பரிமாண வலைப்பாய் ஒன்றை அடியில் விரித்திருக்கிறேன். இரண்டு பேர் தூங்கினால் ஓர் இரவில் அரை லிட்டர் அளவு நீர் மூச்சிலும் தோலிலும் வெளியேறும். அது வெளியே போக மேலே ஒரு திறப்பு, கீழே எதிர்ப்பக்கம் ஒரு திறப்பு. இரண்டும் வலை போட்டு, குளிரிலும் மூடாமல். உள்ளே அடுப்போ கரியோ எரியும் எதுவுமோ கூடாது. எரியும்போது வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவரை அது எழுப்பாது. பேட்டரியில் ஓடும் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரத்தைத் தலைமாட்டில் மாட்டியிருக்கிறேன். பக்கத்தில் இன்னொரு வண்டி இயங்கிக்கொண்டிருந்தாலும் அது வேண்டும்.

மின்சாரம் எளிமையாகவே வைத்தேன். 12 வோல்ட், 50 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, இரண்டு எல்.இ.டி. விளக்கு, ஒரு சிறு விசிறி, போன் சார்ஜர். ஃபியூஸ் பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில் இருக்க வேண்டும். தூரத்தில் இருந்தால் நடுவில் உள்ள கம்பிக்குப் பாதுகாப்பு இல்லை.

வண்டியோடு பிணைப்பது: தொட்டியின் தரையில் முதலில் ரப்பர் விரிப்பு, அதன்மேல் மேடையின் கால்கள். நான்கு மூலையிலும் திருகி இழுத்து இறுக்கும் டர்ன்பக்கிள், தொட்டியின் கொக்கிகளுக்கு. ரப்பர் இல்லாவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் பிரேக் போடும்போது முன்னால் சறுக்கும். முதல் 50 கி.மீ. ஓடியதும் நிறுத்தி டர்ன்பக்கிள்களை ஒருமுறை இறுக்குங்கள், ரப்பர் அமுங்கியிருக்கும். திருகு தானாகக் கழலாமல் இருக்கப் பூட்டு நட் போடுவது அவசியம். தொட்டியில் துளை எதுவும் போடவில்லை. நான்கு டர்ன்பக்கிளைக் கழற்றினால் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கமாகத் துண்டு துண்டாக இறக்கிவிடலாம். வண்டியின் வடிவத்தை நிரந்தரமாக மாற்றாமல் ஏற்றி இறக்கும் சுமையாக வைத்திருப்பது பல இடங்களில் பதிவுச் சிக்கலையும் குறைக்கும். ஆனாலும் அவரவர் ஊர் விதியைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். பின்விளக்கும் எண் பலகையும் எந்த நிலையிலும் மறையக்கூடாது.

மூடிய பெட்டியின் பின்பக்கம் சுவர் இல்லை என்று சொன்னேன் அல்லவா, ஓடும்போது அங்கே தூசி குவியும். ஓடுகிற வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் சக்கரம் கிளப்புகிற புழுதி முழுவதும் அந்தப் பக்கம்தான் இழுபடும். அதனால் கீல் தகடுகளுக்கு இடையே செருகும்படி ஒரு பலகை, அதன் நான்கு விளிம்பிலும் ரப்பர் பட்டை. விரிப்பதற்கு முன் அதை உருவ வேண்டும், மூடியபின் செருக வேண்டும். மண் சாலையில் ஓட்டியபின் உள்ளே விரலால் தடவிப் பார்த்தேன், மெத்தை உறையில் தூசி ஏறவில்லை.

பேட்டரியும் தண்ணீரும் நீங்கலாக மொத்த எடை 120 கிலோவை ஒட்டி நிற்கிறது. ஒருவராகவே விரிக்கலாம். வரிசை இதுதான்: வண்டியைக் காற்றுக்குப் பக்கவாட்டில் நிறுத்து, கைபிரேக், சக்கரத்துக்குக் கட்டை, பின்பலகையை உருவு, தாழ்ப்பாளை விடு, நாடாவைப் பிடித்தபடி மூடியைப் புரட்டு, முட்டுக்கால், சாய்வுக் கம்பி, ரசமட்டம், அப்புறம்தான் ஏறு. மூடும்போது துணி ஈரமாக இருந்தால் ஊர் திரும்பியதும் மறுநாளே விரித்துக் காயப்போட்டுவிடுகிறேன். ஈரக் கித்தானில் பூஞ்சை பிடிக்க நாள் ஆகாது, பிடித்த கறை போகவும் போகாது. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கீல் போல்ட்டுகளில் ஸ்பேனர் வைத்துப் பார்க்கிறேன், வெண்கல புஷ்ஷில் ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறேன். அடுத்ததாகத் தளத்துக்கு அடியில், சக்கர மேடுகளுக்கு நடுவே வீணாகக் கிடக்கும் இடத்தில் பின்கதவு வழியாக இழுக்கும் நீள இழுப்பறை ஒன்றைச் செய்யத் தொடங்கியிருக்கிறேன். முட்டுக்கால்கள் ஊன்றியிருக்கும்போதும் பின்கதவு திறக்க வேண்டும், சாய்வுக் கம்பி அதற்குக் குறுக்கே வரக்கூடாது. அட்டையும் குண்டூசியும் மறுபடி மேசைமேல் வந்திருக்கின்றன.